பக்கத்துப் படகின் புறொப்பெல்லர்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தொழிலுக்குப் போகிறவர்களும், அவர்கள் வரும்வரை கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

போன மாதம் தரம் பத்துப் பிள்ளை ஒன்று இரண்டு நாளாகக் கணக்குக் கொப்பி கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பா கடலால வரப் பிந்தீற்று சேர். வீட்டில ஒருத்தரும் படுக்கேல்லை" என்றாள். அதற்குமேல் கொப்பியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பின்னேரம் துறையடியில் தகப்பனைக் கண்டேன். எழுவைதீவுப் பக்கம் போய்த் திரும்பும்போது சோளகம் எழும்பியிருக்கிறது. எதிர்க்காற்று, நனைந்த வலை, படகில் நாலு பேர். எஞ்சினை முழுதாக முறுக்கியும் படகு ஏறவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் கலனில் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

"எஞ்சின் பழசோ அண்ணை?" என்று கேட்டேன்.

"எஞ்சின் நல்ல எஞ்சின் சேர். புறொப்பெல்லரும் புதுசு. பக்கத்துப் போட் பறக்குது, அதான் அதே அளவில வாங்கிப் போட்டனான். இப்ப முக்குது. என்னெண்டு விளங்கேல்லை."

பக்கத்துப் படகையும் பார்த்தேன். நீளம் குறைந்த, பாரம் குறைந்த பைபர் படகு. இரண்டு பேர் நண்டு வலைக்குப் போய் வருகிறார்கள். இவருடையது 23 அடி. வலையும் ஐஸ் பெட்டியும் நாலு ஆளும். எஞ்சின் ஒரே எஞ்சின்தான். ஆனால் எஞ்சின் தள்ளவேண்டிய பாரம் வேறு.

என் வாப்பா தையல்காரர். யாழ்ப்பாணத்திலும் சரி, 1990க்குப் பிறகு புத்தளத்திலும் சரி, அளவெடுக்காமல் அவர் துணியில் கத்தரி வைத்ததில்லை. "அண்ணன்ட சட்டை அளவில தம்பிக்கும் தையுங்கோ" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுவார். புறொப்பெல்லரும் அப்படித்தான். படகுக்கும் பாரத்துக்கும் அளவெடுத்துப் போடவேண்டிய சாமான் அது. நாங்கள் அதைக் கடையில் இருப்பதைப் பார்த்தும், பக்கத்துப் படகைப் பார்த்தும் வாங்குகிறோம்.

சரி, அளவெடுப்பது எப்படி?

புறொப்பெல்லரில் இரண்டு எண் அடித்திருக்கும். இரண்டும் அங்குலக் கணக்கு. முதலாவது விட்டம். அதாவது இதழ்களின் நுனி சுழலும் வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவதைத்தான் 'பிற்ச்' என்கிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் திருகாணியின் புரியிடைத் தூரம் என்று படித்தோமே, அதேதான். மரத்துக்குள் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறதோ, அதுபோல புறொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னே போகவேண்டும் என்பதைச் சொல்லும் எண். ஒரே எஞ்சினுக்குப் போடக்கூடிய புறொப்பெல்லர்களில் விட்டம் பெரிதாக மாறாது. பிற்ச்தான் மாறும். நாம் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான்.

கியர் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது உடனே விளங்கும். பெரிய பிற்ச் என்பது சமதரையில் மிதிக்கும் கியர். பாரம் குறைந்த படகில் வேகம் தரும். அதே கியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் மிதித்துப் பாருங்கள், முழங்கால் கழன்றுவிடும். எஞ்சினுக்கும் அதே நிலைமைதான். சுற்ற வேண்டிய அளவுக்குச் சுற்ற முடியாமல் முக்கும். கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும், சூடு ஏறும், எண்ணெய் வீணாகும். மாறாக, பிற்ச் மிகச் சிறிதாக இருந்தால் எஞ்சின் அலறும், படகு நகராது. அளவுக்கு மேல் சுற்றுவதும் எஞ்சினுக்குக் கேடுதான்.

எஞ்சின் எவ்வளவு சுற்றவேண்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். நம் கரைகளில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு, முழுதாக முறுக்கும்போது நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று என்று போட்டிருக்கும். உங்கள் எஞ்சினுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சோதனை. கரையோரம் வெறும் படகை ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இழுக்குது" என்று சொல்வது சோதனை இல்லை. வலை, ஐஸ், ஆட்கள் என்று வழக்கமான பாரத்தை ஏற்றுங்கள். அலை குறைந்த நேரத்தில் முழுதாக முறுக்குங்கள். பிளக் வயரில் சுற்றிவிட்டாலே எண்ணைக் காட்டுகிற சிறிய சுற்றுமானிகள் இருக்கின்றன. எண் 4500க்குக் கீழே நின்றால் பிற்ச் கூடிவிட்டது. 5500ஐத் தாண்டினால் குறைந்துவிட்டது. பிற்சில் ஓர் அங்குலம் மாற்றினால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று மாறும். அந்தக் கணக்கை வைத்து எத்தனை அங்குலம் குறைக்கவேண்டும், கூட்டவேண்டும் என்று முடிவெடுக்கலாம். ஆனால் புறொப்பெல்லர் அடிபட்டிருக்கிறதா, பிளக் சரியா, படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கிறதா என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிடுங்கள். அவையும் சுற்றைக் குறைக்கும்.

வகுப்பில் பிள்ளைகளோடு இன்னொரு கணக்கும் செய்து பார்த்தோம். எஞ்சின் 5000 சுற்று, கீழே கியரில் அது பாதியாகி 2500, பிற்ச் 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வழுக்காமல் போனால் மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீற்றர் ஓடவேண்டும். போனில் ஜிபிஎஸ் 26 காட்டினால், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில் வழுக்கிப் போகிறது. பாரப் படகுக்கு ஓரளவு வழுக்கல் இருக்கத்தான் செய்யும். பாதிக்குப் பாதி என்றால் எங்கேயோ பிழை. நீரோட்டமும் காற்றும் கணக்கைக் குழப்பும் என்பதால், ஒரே தூரத்தைப் போயும் வந்தும் ஓடிச் சராசரி எடுங்கள்.

நம் கடலுக்கென்று இன்னொரு விசயம். கரையோரம் ஆழம் குறைவு, கல் அதிகம். ஸ்டெயின்லெஸ் புறொப்பெல்லர் உறுதி என்று ஆசைப்படுகிறார்கள். கல்லில் அடித்தால் அலுமினியம் வளையும், உடையும். அந்த நட்டம் புறொப்பெல்லரோடு நின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் வளையாமல் அந்த அடியை உள்ளே கியருக்கு அனுப்பிவிடலாம். கல்லுக்குள் ஓடுகிற படகுக்கு அலுமினியமே போதும் என்பது என் கருத்து. வளைந்த இதழைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திப் போடுவதையும் விடுங்கள். மூன்று இதழும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் நடுக்கம் வரும். அந்த நடுக்கம் தண்டையும் சீலையும் தின்றுவிடும். மாதத்தில் ஒருமுறையாவது புறொப்பெல்லரைக் கழற்றி, பின்னால் நைலோன் நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"பரம்பரையாத் தொழில் செய்யிற எங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சேர் கடல் படிப்பிக்கிறாரோ?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. கச்சானும் வாடையும் கொண்டலும் எப்போது திரும்பும் என்று நான் உங்களிடம்தான் கேட்கவேண்டும். எனக்குத் தெரிந்தது பெருக்கலும் பிரித்தலும் மட்டும். ஆனால் புறொப்பெல்லர் தெரிவதற்கு அந்தப் பெருக்கலும் வேண்டியிருக்கிறது.

பெரிய ஆட்களும் இதைச் சோதித்துத்தான் படித்தார்கள். 1837இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித் என்பவர் மரத்தில் செய்த திருகைப் படகில் பூட்டி வாய்க்காலில் ஓட்டிப் பார்த்தார். அந்தத் திருகில் இரண்டு சுற்று இருந்தது. ஓட்டத்தில் ஏதோ தட்டுப்பட்டுப் பாதி உடைந்து போனது. படகு நிற்கும் என்று பார்த்தால், முன்பைவிட வேகமாக ஓடியது. கூட இருந்தால் நல்லது என்ற எண்ணம் அன்றைக்கே உடைந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன். 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரம், நோர்வேக்காரரின் உதவியோடு 1967இல் தொடங்கிய முயற்சியிலிருந்துதான் காரைநகரின் சீநோர் வளர்ந்தது. பைபர் படகு கட்டும் அறிவு நமக்குப் பக்கத்துத் தீவிலேயே இருந்தது. யுத்தம் அதைக் குலைத்தது. படகைக் கட்டிய ஆளே கரையில் நின்று, இந்தப் படகுக்கு என்ன பொருந்தும் என்று சொல்லக்கூடிய காலம் அது. இன்று படகு ஓரிடத்தில், எஞ்சின் ஓரிடத்தில், புறொப்பெல்லர் இன்னோரிடத்தில் வாங்குகிறோம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். எத்தனை படகு கரையில் கிடந்தது! நாளுக்கு 20 லீற்றர் எரிக்கிற படகில் 2 லீற்றர் மிச்சம் பிடித்தால், மாதம் 22 நாள் தொழிலுக்கு 44 லீற்றர். அந்த 340 ரூபாக் கணக்கில் 14,960 ரூபா. ஒரு பிள்ளையின் ரியூசன் காசும் சப்பாத்துக் காசும் அதற்குள் அடங்கும்.

ஆகவே நம் கடற்றொழிலாளர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கரையில் அதிகம் ஓடுவது எந்தக் குதிரைவலு எஞ்சின் என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பொருந்தும் மூன்று புறொப்பெல்லர்களை மூன்று வேறு பிற்சில் சங்கத்தின் பெயரில் வாங்கி வையுங்கள். கூடவே ஒரு சுற்றுமானி. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் படகில், தன் பாரத்தோடு போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போகட்டும். தனி ஆள் மூன்று வாங்கிப் பார்க்கமுடியாது. சங்கத்தால் முடியும். எண்களைக் குறித்து அட்டவணை போடுகிற வேலையை நானும் என் தரம் பத்துப் பிள்ளைகளும் செய்து தருகிறோம். சம்பளம் வேண்டாம். விகிதமும் சராசரியும் அவர்கள் படகிலேயே படிக்கட்டும்.

அந்த அண்ணை இப்போது இரண்டு அங்குலம் பிற்ச் குறைந்த பழைய புறொப்பெல்லர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார். வெறும் படகில் முன்பு போல வேகம் இல்லை என்கிறார். ஆனால் பாரத்தோடு ஏறி வருகிறதாம், புகையும் குறைவாம். மகள் கொப்பி கொண்டுவருகிறாள்.

உங்கள் படகின் நீளம், எஞ்சின், புறொப்பெல்லரில் அடித்திருக்கும் இரண்டு எண், பாரத்தோடு எப்படி ஓடுகிறது, இவ்வளவையும் கீழே எழுதுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தாலும் தயங்காமல் திருத்துங்கள். பேஸ்புக் பார்க்காத ஐயாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எல்லோரும் வெளிச்சத்தோடு கரை சேரவேண்டும்.