ஆடினது யார்?

"கண்ணாடி இல்லாத காமிரா" என்று நான் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "ஏன், உடைஞ்சு போச்சா?"

தப்பு அவள் மேல் இல்லை. தமிழில் மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, தெருப் பையன்களின் பந்து பட்டு ஜன்னலில் நொறுங்குவதும் கண்ணாடி. 'மிரர்லெஸ்' என்பதைத் தமிழ்ப்படுத்தப் போனால் வீட்டில் இப்படித்தான் மானம் போகும்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து எஸ்.எல்.ஆர். காமிராவுக்குள் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி சாய்வாக உட்கார்ந்திருக்கும். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அமுக்கினால் 'க்ளக்' என்று மேலே தூக்கிக்கொண்டு வழிவிடும். மிரர்லெஸ் காமிராவில் அந்த இடைத்தரகர் கிடையாது. வெளிச்சம் நேராக சென்ஸாரில் விழுகிறது. அது பார்ப்பதை உள்ளே இருக்கும் குட்டி டி.வி.யில் நாம் பார்க்கிறோம். 2008-ல் பானாசோனிக் ஜி1 இந்த வம்சத்தை ஆரம்பித்து வைத்தது. இன்று பழைய எஸ்.எல்.ஆர். ஜாதியைக் கிட்டத்தட்ட வீட்டை விட்டே துரத்திவிட்டார்கள்.

என்னிடம் இருப்பது சோனி ஏ6000. 2014-ல் வந்த மாடல். அக்கா பையன் போன மாதம் டூர் போகும்போது, "மாமா, பத்து நாள் பத்திரமா வெச்சிருங்க" என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே அதே குடும்பத்தின் 2023 வாரிசு, ஏ6700. பத்திரமாக வைத்திருப்பது என்றால் பீரோவில் பூட்டுவது என்று சிலர் நினைக்கலாம். நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாமியாரும் மருமகளும் மாதிரி இருந்தன. பழசு 344 கிராம், புதுசு 493 கிராம். பிறந்தபோது பழசின் விலை லென்ஸ் இல்லாமல் சுமார் 650 டாலர். புதுசு சுமார் 1,400. நம் ஊர்க் கணக்கில் லட்சத்துக்கு மேல். (இந்தத் தகவலை என் மனைவியிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.)

ஒன்பது வருஷத்தில் எல்லாமே பறந்திருக்கும் என்று நினைப்போம் இல்லையா? மெகாபிக்ஸல் 24.3-லிருந்து 26-க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். விநாடிக்கு எத்தனை படம் எடுக்கும்? பழசு 11. புதுசும் 11! பழைய லென்ஸ் அப்படியே புதுசில் பொருந்துகிறது. மருமகள் வந்தாலும் பாத்திரம் பழையதுதான்.

அப்புறம் எதற்கு இரண்டு மடங்கு விலை என்று நானும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை மனைவி மதில் மேல் காக்காய்க்குச் சாதம் வைத்தாள். மெனுவில் 'பறவை' என்று சொல்லிவிட்டுப் புதுசைத் தூக்கினேன். காக்காய் வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் அதன் கண் மேல் ஒரு சின்னச் சதுரம் போய் ஒட்டிக்கொண்டது. காக்காய் தலையைத் திருப்புகிறது, சதுரமும் திரும்புகிறது. நகர்ந்து நகர்ந்து சாதத்தைக் கொத்துகிறது, சதுரம் விடவில்லை. கடன் கொடுத்தவன் பார்வை மாதிரி. ஃபோகஸ் பார்க்கும் புள்ளிகள் பழசில் 179, இதில் 759. அது மட்டுமில்லை, மனுஷன், மிருகம், பறவை, பூச்சி, கார், ரயில், விமானம் என்று ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளவே தனியாக ஒரு சிப் வைத்திருக்கிறார்கள். கபாலி கோயில் தேர் மட்டும் பட்டியலில் இல்லை.

பழசிலும் மனுஷக் கண்ணைத் தேடுகிற வித்தை உண்டு. ஆனால் அதற்கென்று ஒரு பொத்தானை ஒதுக்கி அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகு எதிரில் இருப்பவர் நகரக் கூடாது. பேரக் குழந்தை உள்ள வீட்டில் இது நடக்கிற காரியமா?

மற்ற முன்னேற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். பழசில் பாட்டரி ஒரு சார்ஜுக்கு சுமார் 360 படம். புதுசில் சுமார் 570. பழசின் திரையை விரலால் தொட்டால் ரேகைதான் விழும். புதுசு தொட்டால் கேட்கும், பக்கவாட்டில் திரும்பி நம் முகத்தையே காட்டும். வீடியோ அங்கே ஹெச்.டி., இங்கே 4கே.

ஆனால் எனக்கு முக்கியமானது இதெல்லாம் இல்லை. கை.

இரண்டு வருஷமாக எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. காப்பியை டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றினால் பாதி மேஜைக்குப் போகிறது. "வயசானா சிலருக்கு வர்ற நடுக்கம் சார், பயப்பட ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். அவருக்கென்ன, அவர் போட்டோ எடுப்பதில்லை. காமிராக்காரனுக்குக் கை நடுங்குவதும் பாகவதருக்குத் தொண்டை கட்டுவதும் ஒன்று.

பழசில் இதற்கு மருந்து இல்லை. சில லென்ஸ்களுக்குள் ஆட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. நான் ஆசையாக வைத்திருக்கும் 30 மி.மீ. லென்ஸில் கிடையாது. புதுசிலோ காமிராவுக்குள்ளேயே வைத்தியம் வைத்திருக்கிறார்கள். சென்ஸாரை நட்டு போட்டு இறுக்காமல், காந்த விசையால் அங்குமிங்கும் நகர்கிற மாதிரி பொருத்தியிருக்கிறார்கள். காமிரா எந்தப் பக்கம் ஆடுகிறது என்று உள்ளே ஒரு கைரோ கண்டுபிடித்துச் சொல்ல, சென்ஸார் அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து சரிக்கட்டிவிடுகிறது. தலையில் குடத்தோடு வரப்பில் நடக்கிற பெண்கள் இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்தும் குடத்தை மட்டும் அசைய விட மாட்டார்களே, அந்தக் கலைதான்.

ஐந்து 'ஸ்டாப்' வரை தாங்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு: 2, 4, 8, 16, 32. அதாவது 1/60 விநாடிக்கு மேல் நிலையாக நிற்காத கை, காகிதக் கணக்கில் அரை விநாடி வரை நிற்கும்.

பார்த்துவிடலாம் என்று ராத்திரி சமையலறைக்குப் போனேன். ஒரே ஒரு பல்ப். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதே 30 மி.மீ. லென்ஸ், 1/8 விநாடி. முதலில் பழசு. படத்தில் மனைவி, கீரை, அலமாரி, எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாமே இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. லென்ஸைக் கழற்றிப் புதுசில் மாட்டி மறுபடி எடுத்தேன்.

அசந்து போனேன். டப்பா மேல் பொறித்திருந்த மாமனார் பெயர் வரை படிக்க முடிந்தது!

"எங்க, காட்டுங்க" என்று எட்டிப் பார்த்தவள் முகம் மாறியது. "டப்பாவெல்லாம் பளிச்சுனு இருக்கு. நான் மட்டும் ஏன் பேய் மாதிரி இருக்கேன்?"

அப்போதுதான் உறைத்தது. காமிரா என் ஆட்டத்தைத்தான் நிறுத்தும். அவள் ஆட்டத்தை அதால் நிறுத்த முடியாது. (நானே இத்தனை வருஷமாக முயற்சி செய்து முடியாதது.) 1/8 விநாடியில் எதிரில் இருப்பவர் தலையை அசைத்தால் அசைந்ததுதான். டப்பா அசையவில்லை, அதனால் தெளிவு. அவள் அசைந்தாள், அதனால் பேய்.

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டேன். எனக்கு வேறு ஒரு படம் ஞாபகம் வந்துவிட்டது.

* * *

2017 கார்த்திகை தீபம். அம்மா வாசலில் கோலம் போட்டு, அகல் விளக்கை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். மின்சார விளக்கை அணைத்துவிட்டு, அகல் வெளிச்சத்தில் மட்டும் ஏ6000-ல் ஒரே ஒரு படம் எடுத்தேன். தை மாதம் அம்மா போய்விட்டாள்.

சுவரில் மாட்டப் படம் தேடியபோது அதுதான் கடைசிப் படம். ஆனால் அம்மா முகம் கலங்கியிருந்தது. அண்ணா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "கை ஆடிடுச்சேடா உனக்கு" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் வங்கிப் பாஸ்புக்குக்கு எடுத்த, முறைத்துப் பார்க்கிற படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. பின்னால் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தபோது, "அப்பவே ஆரம்பிச்சிருக்கு, நமக்குத்தான் தெரியலை" என்று நினைத்துக்கொண்டேன். புதுக் காமிராவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், 'இது அன்றைக்கு இருந்திருந்தால்' என்று ஒரு கணக்கு மனசில் ஓடும். அந்தப் படத்தைத் திறந்து பார்க்கவும் இல்லை.

அன்று ராத்திரி திறந்தேன்.

இத்தனை நாள் அம்மா முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்போது சுற்றிலும் பார்த்தேன். கோலத்தின் புள்ளிகள் ஊசி முனை போல இருந்தன. அம்மா காலடியில் இருந்த அகலின் விளிம்பில் வழிந்த எண்ணெய் கூடத் தெளிவு. படியின் விரிசல் தெளிவு. கை ஆடியிருந்தால் அத்தனையும் சேர்ந்தல்லவா ஆடியிருக்க வேண்டும்?

1/15 விநாடி. கையில் பிடித்து. என் கை அன்றைக்குக் கல் மாதிரி நின்றிருக்கிறது!

"இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆடினது நான் இல்லை. அம்மா."

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "நான்தான்" என்றாள்.

"என்ன நான்தான்?"

"நான்தான் உள்ளேருந்து 'அத்தை, எண்ணெய் போதுமா'ன்னு கேட்டேன். உங்கம்மா டக்குனு திரும்பினாங்க. நல்லா ஞாபகம் இருக்கு. அவங்க என்னிக்கு ஒரு இடத்துல நின்னாங்க?"

மறுபடி பார்த்தேன். உண்மைதான். அது கலங்கின முகம் இல்லை, திரும்பின முகம். அவள் திரும்பின வேகம் அப்படியே படத்தில் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து யார் கூப்பிட்டாலும் அவள் அப்படித்தான் திரும்புவாள்.

இன்னொன்றும் தெரிந்தது. புதுக் காமிரா இருந்திருந்தாலும் இந்தப் படம் இப்படியேதான் வந்திருக்கும். கோலம் தெளிவு, அம்மா கலக்கம். வேண்டியிருந்தது ஆட்டத் தடுப்பு இல்லை, வேகமான ஷட்டர். நான் அன்றைக்கு ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு மேல் ஏற்றவில்லை, படத்தில் புள்ளி தட்டுமே என்று கஞ்சத்தனம். 6400-க்கு ஏற்றியிருந்தால் அதே வெளிச்சத்தில் 1/125 கிடைத்திருக்கும். என் பழைய ஏ6000-லேயே 25600 வரை உண்டு. புள்ளி தட்டியிருக்கும், முகம் நின்றிருக்கும். புள்ளி தட்டின அம்மா போதாதா எனக்கு?

பழசா புதுசா என்று கேட்பவர்களுக்கு என் பத்து நாள் ஆராய்ச்சியின் சாரம். கோபுரம், கோலம், பொங்கல் பானை என்று நிற்கிறவற்றைப் பகலில் எடுப்பவர் பழசையே வைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல லென்ஸ் வாங்கலாம். ஓடுகிற பேத்தி, பறக்கிற கொக்கு, வீடியோ, நடுங்குகிற கை, இதில் ஏதாவது ஒன்று உங்களிடம் இருந்தால் புதுசு கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆனால் இருட்டில் மனுஷரை எடுப்பதாயிருந்தால், எந்தக் காமிராவானாலும் சரி, ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளியைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் குறைக்கலாம். போன முகத்தைக் கொண்டுவர முடியாது.

மறுநாள் அண்ணாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஷட்டர், ஸ்டாப், ஐ.எஸ்.ஓ. எல்லாம் சேர்த்து. மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்டா" என்றான். "அதுல எனக்கும் ஒரு காப்பி போட்டு அனுப்பு."

பிரிண்ட் போட்டு மாட்டியாகிவிட்டது. அக்கா பையன் வந்து காமிராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். வழியனுப்பிவிட்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நடுங்குகிறது, வாஸ்தவம்தான்.

"ஆசையா இருந்தா வாங்கிக்குங்களேன்" என்றாள் மனைவி. விலை தெரியாத தைரியம். "ஆனா ஒண்ணு. படம் எடுக்கும்போது என்னை ஆடாம நில்லு, அசையாம நில்லுன்னு சொல்லாதீங்க. நான் இருக்கிற மாதிரிதான் இருப்பேன்."