டைரக்டரின் கடனுக்குக் கம்பெனியின் தறியா?

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் செல்லும் சாலையில் உள்ள பாலவநத்தத்தின் ஜமீன்தாரும், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவித் தமிழுலகின் நன்றிக்கு உரியவருமான பாண்டித்துரைத் தேவர், 1906-ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளை முன்னின்று தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குத் தலைவராகவும் விளங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: தலைவருக்குச் சொந்த முறையில் பணம் கொடுத்த லேவாதேவிக்காரர் ஒருவர், கையில் டிகிரியோடு துறைமுகத்துக்கு வந்து, தமக்கு வரவேண்டிய பாக்கிக்காகக் கம்பெனியின் 'காலியா' கப்பலை ஜப்தி செய்யக் கேட்டிருந்தால், 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய ஜனங்கள் அதை ஒரு கணமேனும் சகித்திருப்பார்களா?

கப்பலின் விஷயத்தில் குழந்தைக்கும் விளங்கும் இந்த நியாயம், நம் கரிசல் சீமையின் ஸ்பின்னிங் மில், விசைத்தறிக் கூடம், ஜின்னிங் பாக்டரி ஆகியவற்றின் வாசலுக்கு வந்ததும் மங்கிப்போகிறது. அதற்குக் காரணமும் உண்டு. இங்குள்ள கம்பெனிகளில் பல, ஒரே குடும்பத்தின் கையால் வளர்ந்தவை. பெயர்ப்பலகையில் பாட்டனார் பெயர் இருக்கும். ஊரார் வாயில் மில் என்பதும் முதலாளி என்பதும் ஏறத்தாழ ஒரே சொல். ஆகவே, மகள் கல்யாணத்துக்கென்றோ மனை வாங்கவென்றோ ஒரு டைரக்டர் தம் பெயரில் எழுதிக்கொடுத்த புரோநோட்டுக்கு டிகிரி ஆனதும், கடன் கொடுத்தவரின் கண் நேராகக் கம்பெனியின் லாரியின் மீதும் தறியின் மீதும் விழுகிறது. சுட்டிக்காட்டப்பட்ட சாமான் யாருடையது என்று வாசலில் நின்று ஆராய அமீனாவுக்குச் சாவகாசமும் இல்லை, சாதனமும் இல்லை. நியாயஸ்தலத்தின் பக்கமே போகாமல் ஆள்கட்டோடு வந்து பூட்டுப் போடுவதை நாம் கடன் வசூல் என்றே ஒப்புவதற்கில்லை.

சட்டத்தில் இதைப்பற்றி மயக்கம் கிடையாது. ஒரே மனிதரிடம் ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் இருந்தாலும் கம்பெனி அவரினின்றும் வேறான நபரே என்று லண்டன் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் 1897-இலேயே தீர்ப்பளித்தது. தேயிலைக் கம்பெனிப் பங்குதாரரான பச்சா குஸ்தார் அம்மையாரின் வருமானவரி வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டும், பங்குதாரருக்கு லாபத்தில் பங்கு பெறும் உரிமை உண்டேயன்றிக் கம்பெனியின் சொத்தில் பாத்தியதை இல்லை என்று விளக்கிற்று. கடன் கொடுத்தவர் தரப்பில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைக் காட்டலாம். கடனாளிக்குச் சொந்தமானது மட்டுமன்றி, அவர் விற்க அதிகாரம் படைத்த சொத்தும் ஜப்திக்கு உட்படும் என்று அது கூறுவது மெய்யே. ஆயினும் அந்த அதிகாரம் தம் சுயநன்மைக்காகச் செலுத்தக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் இருக்கிறது. டைரக்டர் மில்லின் பழைய இயந்திரத்தை விற்றுக் கையெழுத்திடுவது கம்பெனிக்காகவே. விற்ற பணத்தைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அது குற்றம். அவருக்கே இல்லாத உரிமை அவருக்குக் கடன் கொடுத்தவருக்கு எங்கிருந்து வரும்?

கடன் கொடுத்தவரைக் கைவிடச் சொல்லவில்லை நாம். டைரக்டரின் பங்குகள் அவருடைய சொந்தச் சொத்து. 21-ஆம் கட்டளையின் 46-ஆம் விதிப்படி தடையுத்தரவு பெற்று அவற்றை ஜப்தி செய்யலாம், பின்பு விற்கவும் செய்யலாம். லாரியை இழுத்துவருவதைவிட இது மெதுவான வழி. ஆனால் நேர்மையான வழி.

கம்பெனி வேறு, ஆள் வேறு என்பது பணக்காரர் தப்பிக்கச் செய்த தந்திரம் என்று கருதுவோர், அயர்லாந்து நிலச்சுவான்தாரர் மெக்கோராவின் கதையை நினைக்கவேண்டும். வெட்டிய மரங்களைத் தம் கம்பெனிக்கு விற்றுவிட்டு, இன்ஷ்யூரன்ஸை மட்டும் தம் பெயரில் வைத்திருந்தார். மரம் தீப்பற்றி எரிந்தபோது, அது கம்பெனியின் மரம், உமக்கு ஒன்றும் கிடையாது என்று 1925-இல் அதே பிரபுக்கள் சபை அவரை வெறுங்கையோடு அனுப்பிற்று. நஷ்டம் வந்தபோது வேறாக நின்றவர் கடன் வந்தபோது மட்டும் ஒன்றாகிவிட முடியாது.

கம்பெனியைத் திரையாக்கிக்கொண்டு மோசம் செய்பவர்கள் இல்லாமலில்லை. டில்லி ஸ்கிப்பர் கட்டட வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் திரையை விலக்கிக் குடும்பத்தாரின் சொத்தையும் பிடித்தது சரியே. வீட்டுச் செலவையும் மில் கல்லாவையும் ஒன்றாகக் கலக்கும் டைரக்டர்களிடம் நமக்கு அனுதாபமும் இல்லை. ஆயினும் திரையை விலக்குவது, சாட்சியம் கேட்டு நியாயாதிபதி செய்யவேண்டிய காரியம். அமீனாவின் வண்டி செய்யவேண்டியதன்று.

காலதாமதம் இதில் உயிரை வாங்கும் விஷயம். ஜப்தியை ஆட்சேபிக்க அதே 21-ஆம் கட்டளையின் 58-ஆம் விதி இடம் தருகிறது. ஆனால் மனுப் போடுமுன் சாமான் ஏலம் போய்விட்டால், அந்த மனுவை ஏற்பதற்கில்லை என்றும் அதே விதி சொல்கிறது. குண்டாற்றில் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்திருந்து பருத்தி எடுத்து, அதைக் கடனாகப் போட்ட திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிக்கும், வாரக்கூலியை எதிர்பார்க்கும் தறித் தொழிலாளிக்கும், அடமானம் பிடித்த பாங்குக்கும் ஆதாரமாய் நின்ற தறி, அவர்கள் கையெழுத்திடாத ஒரு புரோநோட்டுக்காகப் பழைய இரும்பு விலைக்குப் போகிறது.

ஆகவே, கம்பெனியின் வளாகத்தில் ஜப்தி கேட்கும் ஒவ்வொரு மனுவோடும், அந்தச் சாமான் கடனாளியின் சொந்தச் சொத்தே என்பதற்குப் பிரமாண வாக்குமூலத்தையும், லாரியாயின் ஆர்.சி. புத்தக நகலையும் நியாயஸ்தலங்கள் கட்டாயமாகக் கேட்கவேண்டும். தக்க காரணமின்றித் தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்வித்தவரிடமிருந்து 50,000 ரூபாய் வரை நஷ்டஈடு வாங்கித்தரும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, இன்று வழக்கின் பிரதிவாதிக்கு மட்டுமே உதவுகிறது. வழக்கில் கட்சியாகவே இல்லாமல் தறியை இழந்து நிற்கும் கம்பெனிக்கும் அந்தப் பரிகாரம் கிடைக்கும்படி, தொகையையும் உயர்த்தி, சட்டத்தைத் திருத்தவேண்டும்.