அப்பாவின் ரெக்கார்டுக்குள் நாம்

எமிரேட்ஸில் வளர்ந்த நம்மில் பலரும் அப்பாவின் ஸ்பான்சரில் இருந்தவர்கள்தான். விசா, இன்சூரன்ஸ், ஸ்கூல் பஸ் எதுவானாலும் முதலில் அப்பா பெயர். அதற்குக் கீழே அம்மா, அண்ணன், நான். டேட்டாபேஸ் வகுப்பில் 'நெஸ்டெட் ரெக்கார்டு' பற்றிச் சொன்னபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பாவின் ரெக்கார்டுக்குள் ஒரு பட்டியல்; அந்தப் பட்டியலில் நான்.

என் முதல் வேலையில் ஸ்கூல் பஸ் நிறுவனம் ஒன்றின் மாங்கோடிபி டேட்டாவை கிளவுட் வேர்ஹவுஸுக்கு நகலெடுக்கச் சொன்னார்கள். தேவை ஒன்றே ஒன்று: எந்த ரூட்டில் இப்போது எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்? 'ஸ்டேட்டஸ் ஆக்டிவ்' என்று ஃபில்டர் போட்டு அனுப்பினேன். மறுநாள் பார்த்தால், தங்கை பஸ்ஸில் போகிறாள் என்பதற்காக, காலேஜுக்கு ஊருக்குப் போய்விட்ட அண்ணனும் பாஸ்போர்ட் நம்பரோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

தப்பு என்னுடையதுதான். அந்த நிபந்தனை அப்பாவின் டாக்குமெண்டைத்தான் தேர்ந்தெடுக்கும். உள்ளே இருக்கும் பிள்ளைகளைச் சலிக்காது. ஒரு பிள்ளை பொருந்தினாலே குடும்பம் முழுவதும் வந்துவிடும். எனவே மூன்று படிகள் தேவை: 'மேட்ச்' வைத்து டாக்குமெண்டைத் தேர்வு செய்யுங்கள்; 'ஃபில்டர்' வைத்து பட்டியலுக்குள் சலியுங்கள்; 'ப்ராஜெக்ட்' வைத்து வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் எடுங்கள்.

'அன்வைண்ட்' செய்து பிள்ளைக்கு ஒரு வரியாகப் பிரித்தால் இன்னொரு சிக்கல். அப்பாவின் 2,000 திர்ஹம் பாக்கி இரண்டு பிள்ளைகளின் வரியிலும் வரும், கூட்டினால் 4,000. பட்டியல் காலியாக இருக்கும் குடும்பமோ, நாம் தனியாகச் சொல்லாவிட்டால் காணாமலே போகும்.

"எல்லாவற்றையும் அனுப்பு, அப்புறம் பார்த்துக்கலாம், ஸ்டோரேஜ் மலிவுதானே" என்று சீனியர்கள் சொல்வார்கள். பின்னால் புதுக் கேள்வி வரும் என்பது உண்மைதான். ஆனால் மூல டேட்டாபேஸ் எங்கேயும் ஓடிவிடாது. தேவைப்படும்போது மறுபடி எடுக்கலாம். ஒருமுறை வேர்ஹவுஸுக்குப் போனது பேக்கப்பிலும், ரிப்போர்ட்டிலும், யாரோ ஒருவரின் எக்செல் ஃபைலிலும் பரவிவிடும். பிறகு அந்த அண்ணனின் பெயரை எங்கெங்கே போய் அழிப்பது?

"சர்வர் இங்கேதானே இருக்கு" என்பது அடுத்த சமாதானம். அமேசான் 2019-இல் பஹ்ரைனிலும் 2022-இல் எமிரேட்ஸிலும் தன் கிளவுட் மையங்களைத் திறந்தது. நல்லதுதான். ஆனால் டேட்டா எந்த நாட்டில் இருக்கிறது என்பது வேறு; அதில் என்ன இருக்க வேண்டும் என்பது வேறு. 2022 ஜனவரி 2-இல் அமலுக்கு வந்த எமிரேட்ஸின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கத்துக்குத் தேவையான அளவு தகவலே போதும் என்றுதான் சொல்கிறது.

ஆகவே என் கட்சி இதுதான்: சலிப்பதை நகலெடுக்கும் முன்பே, பட்டியலுக்குள்ளே போய்ச் செய்யுங்கள். நம்மில் பலர் நாளைக்கு இதே ஊர்களில் இந்த வேலைக்குத்தான் போகப்போகிறோம். அந்த அண்ணன் யாரிடமும் அனுமதி கொடுக்கவில்லை. ஃபாரத்தை நிரப்பியது அவன் அப்பா. நம் அப்பாக்களும் நமக்காக அப்படி எத்தனையோ ஃபாரங்களை நிரப்பியவர்கள்தானே.