எல்லையில் நிற்கும் கோழிக்கறி

"அமெரிக்காவுல ஒரு விவசாயி வருஷத்துக்கு 20,000 கோழியைத் தோட்டத்துலயே அறுத்து, ஆய்வாளர் வராமலே விக்கலாமாமே, நமக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?" நம் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பாதி சரி. மீதியையும் தெரிந்துகொண்டு பேசுவோம்.

அங்கே 1957-ல் வந்த சட்டப்படி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் கோழிக்கறிக்கு மத்திய வேளாண் துறையின் சோதனை முத்திரை வேண்டும். 1968-ல் மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மத்திய அரசின் தரத்துக்குக் குறையாமல் ஒரு மாநிலம் தானே சோதனை நடத்தினால், செலவில் பாதி வரை மத்திய அரசு தரும்.

அந்த 20,000 கோழி விலக்கு உண்மைதான். ஆனால் தானே வளர்த்த கோழியாக இருக்கணும், தன் இடத்திலேயே அறுக்கணும், தன் மாநிலத்துக்குள்ளேயே விக்கணும். ஒவ்வொரு கோழியையும் ஆய்வாளர் பார்ப்பதில் இருந்துதான் விலக்கு. சுத்தத்தில் இருந்து இல்லை. சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையாகவும் வைத்திருக்கின்றன. இயற்கைக் கோழி என்பதற்காக சால்மோனெல்லா ஒதுங்கிப் போகாது என்பதை நம்மவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு இடத்தில். மாநில ஆய்வாளர் பார்த்த கறி மத்திய சோதனைக்குச் சமம் என்று சட்டமே சொல்கிறது. அப்புறமும் அது மாநில எல்லையைத் தாண்டக்கூடாதாம்! கனடாவில் இருந்தும் சிலியில் இருந்தும் வரும் கறி, 'எங்கள் சோதனைக்கு இணையானது' என்ற அங்கீகாரத்தோடு நாடு முழுக்கப் போகிறது. எல்லையோரம் பண்ணை வைத்திருப்பவனுக்குப் பக்கத்து டவுன் சந்தை பத்து மைலில் இருந்தாலும் அது வேறு மாநிலம். பெரிய கம்பெனிக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. அவன் ஆலையில் நிமிஷத்துக்கு 140 கோழி வரை ஓடும், மத்திய ஆய்வாளர் அங்கேயே நிற்பார்.

2008 விவசாயச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். 25 பேர் வரை வேலை செய்யும் சின்ன ஆலையில், மாநில ஆய்வாளரே பார்த்து மத்திய முத்திரை போடலாம். மாநிலத்துக்கு ஆகும் செலவில் 60 சதவீதம் மத்திய அரசு தரும். நல்ல ஏற்பாடு. ஆனால் மாநிலம் மனசு வைத்துச் சேர்ந்தால்தான் விவசாயிக்குப் பலன். பல மாநிலங்கள் சேரவே இல்லை.

நம் ஊரிலும் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய சட்டம், கடைக்கு வந்து பார்ப்பது மாநில அதிகாரி. நாளைக்கு 50 கோழி வரை அறுப்பவர் உரிமம் வாங்க வேண்டாம், பதிவு போதும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. பதிவு வாங்கிட்டோம், சரி. தண்ணீரும் வடிகாலும் குளிர்பெட்டியும் உள்ள இடத்துக்கு எங்கே போவது? விலக்கு கேட்டு மனு எழுதுவதைவிட, ஒன்றியத்துக்கு ஒரு சின்ன அறுவைக்கூடமும், வாரம் இரண்டு நாள் அங்கே வரும் கால்நடை மருத்துவரும் வேண்டும் என்று நாம் கேட்கலாம். செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளட்டும்.