முறுக்கைத் தாங்கும் கம்பி

ஜூன் மாதம் சித்தூர் பழக்கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளைப் பாருங்கள். மேட்டில் கிளட்ச்சை விட்டதும் சிலவற்றின் பின்பக்கம் தடதடவென்று அதிரும். சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகப் பின் அச்சு முறுக்கிக்கொள்ள, ஸ்பிரிங் பட்டைகள் பாம்புபோல் நெளிவதுதான் காரணம்.

திருப்பதியிலுள்ள என் மைத்துனர் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார். அச்சையும் சேஸையும் இணைக்கும் இரண்டு 'டிராக்‌ஷன் பார்'கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தார். வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகே போல்ட்டுகளை இறுக்கினார். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக் கிழிந்துவிடும்.

அதிர்வு அடங்கியது. மறுநாளே அரை டன் கூடுதலாக ஏற்றிவிட்டார்!

'இழுவைக் கம்பி' என்று மொழிபெயர்த்தால் வண்டிக்கே பலம் கூடியதாகத் தோன்றும். அது தடுப்பது முறுக்கை மட்டுமே. பட்டை, டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

"மச்சான், மேட்டில் உதவும் கம்பி இறக்கத்தில் பிரேக் பிடிக்காது" என்றேன். கூடுதல் பழம் இறங்கியது.