உரிமை இருந்தும் ஏறாதிருத்தல்



வட அமெரிக்காவின் பெரும் சமவெளியில், வயோமிங் மாநிலத்துப் புல்வெளிகளின் நடுவே, டெவில்ஸ் டவர் என்னும் ஒற்றைப் பாறை ஏறத்தாழ 264 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. அதன் நெடிய பிளவுகளில் கைகளைச் செருகி ஏறுவதற்கென்றே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். லகோத்தா முதலிய பூர்வகுடிகளுக்கோ அது ஜெபத்தலம். ஜூன் அவர்களுடைய சடங்குகளின் மாதம். ஆகவே அம்மாதம் மட்டும் ஏறாதிருக்கும்படி தேசியப் பூங்காத் துறை 1995 முதல் கேட்டுக்கொள்கிறது. கட்டளையன்று, வேண்டுகோள்தான்.

“புறஜாதிச் சடங்குக்காக விசுவாசி ஏன் ஒதுங்கவேண்டும்? அது பொதுநிலம் அல்லவா?” என்பது ஒரு வாதம். பொதுநிலம்தான். வணிக வழிகாட்டிகள்மீது விதிக்கப்பட்ட ஜூன் தடையைக்கூட 1996இல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இறைச்சி உண்ணப் பவுலுக்கும் உரிமை இருந்தது, அவர் விட்டுக்கொடுத்தார். “அது பலவீனமான சகோதரனுக்காக, இவர்கள் சகோதரர் அல்லரே” என்பீர்களானால், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகார முடிவை வாசியுங்கள். இடறல் உண்டாக்கலாகாதோர் வரிசையில் சபைக்கு முன்பாகவே யூதரும் கிரேக்கரும் நிற்கின்றனர்!

பாறையை வணங்கும்படி உங்களை எவரும் கேட்கவில்லை. முப்பது நாள் கயிற்றைச் சுருட்டி வைக்கவே கேட்கின்றனர். லகோத்தா மக்கள் ‘கரடியின் இல்லம்’ என்று அழைத்த இடத்துக்கு, 1875இல் படையினரோடு வந்த ஆய்வுக்குழுவே பிசாசின் பெயரைச் சூட்டியது. அயலானின் ஜெபத்தலத்துக்கு அந்த ஓர் அவமதிப்பு போதாதா? நம் திருவிருந்து வேளையில் ஆலயக் கோபுரத்தின்மேல் ஒருவன் விளையாட்டாக ஏறினால், அவனுடைய உரிமையைக் குறித்தா நாம் பேசிக்கொண்டிருப்போம்?