வாதாம் மரத்தை வெட்டலாமா?



கேரளத்தில் நிபா என்று ஒரு செய்தி வந்தால் போதும், அடுத்த வாரமே நம் இதழின் அலுவலகத்துக்கு ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்து சேரும். “வீட்டு முற்றத்து வாதாம் மரத்துக்கு ராத்திரி வௌவால் வருகிறது. மரத்தை வெட்டிவிடலாமா?” நாகர்கோவிலிலிருந்து கேட்கிறார்கள், செங்கோட்டையிலிருந்து கேட்கிறார்கள், இங்கே திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்தும் கேட்கிறார்கள். ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டுவிடலாம். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு பயத்தோடு எழுதுகிறவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமா? அதனால் இந்த மாதம் என் பக்கத்தை முழுக்க வௌவாலுக்கே கொடுத்துவிட்டேன்.

பயத்தை முதலில் பேசிவிடுவோம். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் தொடங்கிய நிபா 17 பேரைக் கொண்டுபோனது. நோயாளியைக் கவனித்த செவிலி லினியும் அவர்களில் ஒருவர். அப்போது நடந்த ஒரு காரியம் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கிணற்றில் வௌவால் இருக்கிறது என்று தெரிந்ததும், எல்லார் விரலும் அந்தக் கிணற்றை நோக்கித்தான் நீண்டது. பிடித்துப் பார்த்தால் அவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். சோதனையில் நிபா இல்லை. பிற்பாடு புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தார் அந்த வட்டாரத்துப் பெரிய பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தபோதுதான் வைரஸின் தடயம் கிடைத்தது. அப்படியும், முதல் நோயாளிக்கு அது எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.

நான் சொல்ல வருவது இந்தக் கிணற்றில்தான் இருக்கிறது. வௌவால் என்று ஒரே பெயரில் நாம் பயப்படுகிற கூட்டத்தில் உலகம் முழுக்க 1400க்கும் மேற்பட்ட இனங்கள். இந்தியாவில் மட்டும் 130க்கு மேல். ஒன்று கொசுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும், ஒன்று அத்திப்பழம் தின்னும், இன்னொன்று இலவம்பூவில் தேன் குடித்துவிட்டு மகரந்தத்தை மூஞ்சியில் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். எது எங்கே தங்குகிறது, என்ன தின்கிறது, ஏன் ஊருக்குள் வருகிறது என்று தெரியாமல் பயப்படுவதால் நமக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் யாராவது ராத்திரி காட்டில் உட்கார வேண்டும்.

உட்காருகிறார்கள். அதுவும் நம் பக்கத்திலேயே. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் விதுராவைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே இருக்கிறது ‘ஐசர்’ எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து பகீரதன் முருகவேல், ஹேமா சோமநாதன் ஆகியோர் சுவீடன் நாட்டு அறிஞர் அல்முட் கெல்பருடன் சேர்ந்து 2021இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சுற்றுப்புற வெளிச்சமும் நிலவின் வளர்தலும் தேய்தலும் பழந்தின்னி வௌவால்களின் பறத்தலை எப்படி மாற்றுகின்றன என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இதிலென்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். வௌவாலுக்குக் கண் தெரியாது என்று நம் பள்ளிக்கூடக் காலம் முதல் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது பொய். பழந்தின்னிகள் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பிழைப்பவை. குகையில் தங்கும் ஒரு பேரினத்தைச் சேர்ந்தவை மட்டும் நாக்கைச் சொடுக்கி அதன் எதிரொலியில் வழி பார்க்கும். ஆகவே ஒரு காட்டோரத்தில் புதிதாக நாலு சோடியம் விளக்கு நட்டால் அவற்றின் இரவு என்னவாகும் என்பது உண்மையான கேள்விதான்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பொழுது சாய்வதற்குள், பூத்த மரத்துக்குப் பக்கத்திலோ ஓடைக்குக் குறுக்கேயோ இரண்டு கம்பு நட்டு மெல்லிய வலை கட்டுவார்கள். தலைமுடிபோல் நூல், இரண்டடி தள்ளி நின்றால் நம் கண்ணுக்கே தெரியாது. சில நிமிடத்துக்கொரு தரம் போய்ப் பார்க்க வேண்டும், தாமதித்தால் மாட்டிய வௌவால் தன்னையே சிக்கலாக்கிக்கொள்ளும், அல்லது வலையைக் கடித்துவிடும். தடித்த கையுறை போட்டு, முதலில் கால் விரல்களை விடுவித்து, பிறகு இறக்கை, கடைசியில் தலை. துணிப் பைக்குள் போட்டு எடை பார்த்து, முன்கையின் நீளத்தை அளப்பார்கள். இன்ன இனம் என்று சொல்ல அந்த அளவு ரொம்ப உதவும். இறக்கையை விரித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நம் கைபோலவே நாலு விரல் எலும்பும் நீண்டு ஓடுவது தெரியும், கட்டைவிரல் மட்டும் வெளியே கொக்கியாக நிற்கும். அளந்ததும் விட்டுவிடுவார்கள். பூச்சி தின்னிகள் பலதும் வலையில் விழாது, அதற்கு வேறு கருவி. நம் காதுக்கு எட்டாத அவற்றின் குரலைப் பதிவு செய்து, நாம் கேட்கும்படி இறக்கிக் கொடுக்கும். சீராக டிக் டிக் என்று வந்துகொண்டிருப்பது திடீரென்று ஒரே ரீங்காரமாக நெருங்கினால் ஒரு பூச்சி போயிற்று என்று அர்த்தம்.

இந்தக் குரல்களை வைத்தே வால்பாறையில் ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது. கிளேர் வேர்ட்லி, திவ்யா முடப்பா, மகேஷ் சங்கரன், ஜான் ஆல்ட்ரிங்கம் உள்ளிட்டோர் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி வௌவால்களைக் குரலால் அடையாளம் காண்பதற்கு 2014இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். தொடர்ந்து காட்டுத் துண்டுகள், காப்பித் தோட்டங்கள், ஆற்றோரங்கள், தேயிலைத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் கேட்டுப் பார்த்தார்கள். நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டம், வௌவால் கணக்கில் காட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பின்தங்கியது தேயிலை. நம் பொன்முடியிலும் போனக்காட்டிலும் தேயிலை உண்டு. பச்சைப் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நாம் போட்டோ பிடிக்கிற சரிவு, காட்டு வௌவாலுக்குக் கிட்டத்தட்ட வெறும் தரை.

மதுரையையும் விட்டுவிட முடியாது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் அவர்களது தோழர்களும் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் செய்த ஆய்வு எனக்கு எப்போதும் பிடிக்கும். குகைக்குள் எந்நேரமும் இருட்டு. வெளியே பொழுது அடங்கிவிட்டது என்று உள்ளே தொங்குகிறவற்றுக்கு யார் சொல்வது? சில வௌவால்களைக் கூண்டிலிட்டுக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். கூட்டம் சுதந்திரமாக வந்து போகும் குகையில், கூண்டுக்காரர்களும் அதே நேரத்துக்கு விழித்து அதே நேரத்துக்கு ஓய்ந்தார்கள். கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அவற்றின் நாள் மெல்ல மெல்ல நழுவிப்போயிற்று. கூட்டாளிகளின் வருகையும் போக்கும்தான் கடிகாரம். இதை எழுதிவைத்தது 1981இல்.

எல்லா வௌவாலும் இப்படிக் கவனிக்கப்படவில்லை. தேனி மாவட்டம் மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு பழந்தின்னி, சாதாரண குறுமூக்கு வௌவால் என்ற சீட்டோடு இருபது வருஷத்துக்கு மேல் பம்பாய் சேகரிப்பில் கிடந்தது. 1972இல் தாய்லாந்துக்காரர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று கண்டு சலீம் அலியின் பெயரை வைத்தார். உலகத்தில் நம் மலைகளில் மட்டும் இருக்கிற உயிர் அது. அகத்தியமலைக்குக் கிழக்கே களக்காடு முண்டந்துறையிலும் உண்டு. அதே 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் ‘தொல்லை விலங்கு’ பட்டியலில் சேர்த்துவிட்டது. சலீம் அலி வௌவாலுக்கு மட்டும் பின்னாளில் முதல் பட்டியலில் இடம் கிடைத்தது, மற்றவற்றுக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற நிலை ஐம்பது வருஷம் நீடித்து, 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. சட்டம் மாறினாலும் ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி என்று தேடுகிறவர்கள் மாறவில்லை. அந்தக் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. நோய் தொற்ற வழி வேண்டுமென்றால், கையால் பிடித்து அறுப்பதைவிட நேரான வழி கிடையாது.

இப்போது அந்த வாதாம் மரத்துக்கு வருவோம். விரட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உகாண்டாவில் கிடாக்கா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் என்ற வைரஸ் நோய் வந்ததும் அங்கிருந்த வௌவால்களைக் கொன்று ஒழித்தார்கள். சில வருஷத்தில் புதுக் கூட்டம் வந்து குடியேறியது. அதில் தொற்றின் விகிதம் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2012இல் பக்கத்து ஊரில் நோய் திரும்ப வந்தது. ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவான ஹெண்ட்ரா வைரஸைப் பற்றி 25 வருஷக் கணக்கை வைத்து 2022இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவு. குளிர்காலத்தில் பூக்கும் காடுகளை வெட்டியபின் வௌவால்கள் ஊரோரத் தோட்டங்களுக்கும் குதிரை லாயங்களுக்கும் பக்கத்தில் வந்து தங்கின. தீனி இல்லாத வருஷங்களில் குதிரைகளுக்கு நோய் தாவியது. மிச்சமிருந்த காடு நன்றாகப் பூத்த குளிர்காலத்தில் அவை காட்டுக்கே திரும்பின, நோய் தாவவில்லை. பெப்பாறை, நெய்யாறு சரணாலயக் காடுகளைக் காக்க எத்தனையோ காரணம் சொல்கிறோம். நம் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வராமலிருப்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஆகவே மரத்தை வெட்ட வேண்டாம், வெடி போட வேண்டாம். காலையில் கீழே கிடக்கும் கடித்த பழத்தை வெறுங்கையால் தொடாமல் கூட்டி அப்புறப்படுத்துங்கள். ஆட்டுக்கும் பன்றிக்கும் போடாதீர்கள். மலேசியாவில் 1998இல் முதன்முதலாக இந்த நோய் பரவியது பன்றிப் பண்ணைகள் வழியாகத்தான். பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்னுங்கள், பல் பட்டது என்றால் தூக்கிப் போடுங்கள். மரத்திலிருந்து இறக்கிய கள்ளையும் பதனீரையும் அப்படியே குடிக்காதீர்கள். வங்கதேசத்தில் பேரீச்சஞ்சாற்றுப் பானைக்கு மூங்கில் தட்டி கட்டி வௌவால் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம் ஆட்களும் அதைச் செய்யலாம். விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் புளியங்குளத்தில் ஊர் ஆலமரத்து வௌவால்களை முனிக்குச் சொந்தமென்று யாரும் தொடுவதில்லை என்று மாரிமுத்து எழுதியிருக்கிறார். இங்கே காவுகளிலும் அப்படித் தங்கும் கூட்டங்கள் உண்டு. உங்கள் ஊரில் பழந்தின்னிகள் பகலில் அடையும் மரம் எது, ஆலா, புளியா, மருதமா, எத்தனை தலைமுறையாக இருக்கிறது, யார் காக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். வந்தவற்றை அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறோம். படம் எடுத்தால் மரத்திலிருந்து எட்ட நின்றே எடுங்கள். பறப்பது நன்றாக விழும் என்று கல்லெறிந்து கிளப்பி எடுத்த படமென்று தெரிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அச்சில் ஏறாது.

அன்புடன்,
ஆசிரியர்